கோழிப் புத்தகத்தில் இல்லாத வரி

பாப்பாவின் அப்பாவுக்கு,

வணக்கம். இருமல் நின்றதா? மருந்து வாங்கினீர்களா, அதிலும் கஞ்சத்தனமா? நான் நன்றாக இருக்கிறேன். ஓட்டல் சலவை அறையில் நீராவி பட்டு மணிக்கட்டு லேசாகச் சிவந்தது, அவ்வளவுதான்.

இப்போது உண்மையைச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் பாப்பா கோழிப் பாட்டுப் புத்தகத்தைப் பார்க்காமலே ஒப்பித்தாள். “கோழியம்மா தூரம் போச்சு, குஞ்சு தேடி வருசமாச்சு” என்று முடித்தாள். அதே புத்தகம் என் தலையணைக்கடியிலும் இருக்கிறது. நாலு தடவை புரட்டிவிட்டேன். அதில் பொழுது சாய்வதற்குள் கோழி குஞ்சிடம் திரும்பிவிடுகிறது.

“யாருடி சொல்லிக்குடுத்தா?” என்றேன்.

“அதுல அப்படித்தாம்மா இருக்கு” என்று போனை வைத்துவிட்டாள்.

உங்கள் தங்கையா? பக்கத்து வீட்டுக்காரியா? உங்களுக்கு எதுகை மோனையெல்லாம் வராது. கல்யாணமான புதிதில் நீங்கள் எழுதிய கடிதங்களைப் படித்தவள் நான்.

கடைசிப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். யாராவது பேனாவால் திருத்தியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அவள் பாதத்தையும் தாளில் வரைந்து அனுப்புங்கள், செருப்பு வாங்கணும்.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது. அந்த வரியைக் கட்டியது நீங்கள் என்றால் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்வேன். அவளே கட்டியது என்றால், அப்போதும் நீங்கள்தான் என்றே எழுதிவிடுங்கள்.

அவள் அம்மா