ராசன் மச்சானின் உப்பு மெஷின்

செவ்வாய் 6

மழை. இந்தக் கொப்பியில் இனி எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று வெள்ளவத்தையின் சகல காகங்களையும் சாட்சி வைத்து உறுதி கூறுகிறேன். நானே பாதிதான் நம்புகிறேன்.

விஷயம்: தங்கச்சி பூமணி குளியலறையில் விழுந்து, இடுப்பில் தகடு வைத்து, மூன்று மாதம். எலும்பு பொருந்திவிட்டது. ஆனால் கதிரையை விட்டு எழும்பமாட்டாள். பயம். டாக்டர் இன்று, "தண்ணிக்குள்ள நடக்கப் பழக்குங்கோ. இன்னும் விட்டால் கால் இறுகிப்போயிடும்" என்றார். எங்கள் கடலில் இறக்கினால் அடுத்த அலைக்கு மாலைதீவில்தான் அவளை எடுக்கலாம்.

ராசன் மச்சான் மெல்பேர்ன் போனபோது ஹெவ்லொக் டவுன் வீட்டைப் பூட்டித் திறப்பை என்னிடம் தந்தவர். அங்கே நீச்சல் குளம். இந்து சமுத்திரத்தின் சொந்தத் தம்பி. (நாலு கட்டில் போடலாம்.) இப்போது முழுக்கப் பாசி. பம்புக்குப் பக்கத்தில் ஒரு மெஷின். தண்ணீரில் உப்புப் போட்டால், கரண்டைக் கொண்டு அந்த உப்பிலிருந்தே குளோரின் செய்து பாசியைக் கொல்லுமாம். பச்சை லைட் என்றால் சரி. எரிவது சிவப்பு.

மெஷினின் புத்தகத்தைப் படிக்க வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அடுத்த வியாழன் குளம் தயார் என்று பூ.விடம் அறிவித்தேன்.

"உங்களுக்கு பல்ப் மாத்தவே தெரியாது, அண்ணை."

புதன் 7

விடிய ஆறு மணி. குண்டு தேடி ஆமி செக்கிங். கீழ்மாடியில் சப்பாத்துச் சத்தம்.

"அந்தப் புத்தகத்தைத் தாங்கோ" என்றாள் பூ. "உள்ளுக்கை முழுக்க வயரும் பெட்டியும் கீறின படம். கண்டால் என்ன சொல்லுவியள்?"

"குளிக்கிற குளம் எண்டு."

"நம்புவாங்களோ?"

யோசித்தேன். நானே நம்பமாட்டேன். அவள் ஒவ்வொரு தாளாகப் பார்த்துப் பார்த்துக் கிழித்தாள். நான் மண்ணெண்ணெய் அடுப்பில் எரித்தேன். இருபது ஆமிக்காரர் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள். (இரண்டு பேர். தட்டினார்கள்.) அடையாள அட்டை பார்த்தார்கள். ஒருவன் தண்ணீர் கேட்டுக் குடித்தான். போய்விட்டார்கள்.

எவ்வளவு உப்பு என்ற பக்கத்தை நான் இன்னும் வாசித்திருக்கவில்லை.

வியாழன் 8

புழுக்கம். மெல்பேர்னுக்குப் போன்.

"மச்சான், உம்மட மெஷினுக்கு எத்தினை மூட்டை..."

பூ. கதிரையிலிருந்தே எட்டி லைனை வெட்டினாள். "மெஷின், மூட்டை எண்டு போனில கதைக்கிறியளே. கேட்டுக்கொண்டிருப்பாங்கள்."

மச்சான் திருப்பி எடுத்தார். பூ.தான் பேசினாள். "ஓம் மச்சான், நாங்கள் சுகம்." வைத்துவிட்டாள். கொமியூனிகேஷன் கடையில் போய்ப் பேசலாமென்றால் அங்கே முதுகுக்குப் பின்னால் பத்துக் காது.

வெள்ளி 9

வெயில். ஓட்டோவில் ஆறு மூட்டை கல்லுப்பு. செக் பொயின்டில் மறித்தார்கள்.

"மொனவத மே?" என்ன இது என்று சிங்களத்தில் சிப்பாய்.

"லுணு, மஹத்தயா." உப்பு ஐயா.

"மெச்சர லுணு?" இவ்வளவு உப்பா?

"நாண்ட."

குளிப்பதற்கு என்று சொன்னேன்.  ஆறு மூட்டையும் அவிழ்ந்தன. அவன் ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தான். காலி ஊருக்குப் போகிற வீதியில் சகல பஸ்களும் மூச்சை அடக்கின. முகத்தைச் சுளித்தான். போ என்று கையைக் காட்டினான். 

குளத்தில் மூன்று மூட்டை கொட்டினேன். சிவப்பு. கரையவும் விடாமல் மற்ற மூன்றும். இப்போது வேறொரு சிவப்பு, மெஷினும் நின்றுவிட்டது. கூடிவிட்டதா, குறைவா? ஒரு மண்ணும் விளங்கவில்லை. கறிக்கு உப்புக் கூடினால் பூ. செய்கிறபடி இரண்டு உருளைக்கிழங்கு போட்டேன். பாசிக்குள் மறைந்தன.

ஒரு சோடாப் போத்தலில் குளத்துத் தண்ணீர் கொண்டுபோய்ப் பூ.விடம் நீட்டினேன். நாற்பது வருடம் உப்புப் பார்த்த நாக்கு.

"வெள்ளிக்கிழமை. விரதம். வாயில வைக்கமாட்டன்."

சனி 10

தண்ணீரை வடித்துக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுத்தேன். உள்ளங்கையில் ஒரு துளி விட்டு நக்கினாள்.

"கருவாடு ஊறின தண்ணி. உப்பு கண்ணீரை விடக் குறைவா இருக்கோணும்."

"அது ஆர் சொன்னது?"

"புத்தகத்தில கிடந்தது. கிழிக்கேக்க வாசிச்சனான்."

மூன்று நாள். ஆறு மூட்டை. ஆமிக்காரன் நாக்கு. "ஏன் சொல்லேல்லை?"

உள்ளங்கையை மடியில் துடைத்தாள். பிறகு, "குளம் சரிவந்தால் நான் இறங்கோணுமெல்லே."

அவள் கேளாமலே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். சரித்திரத்தில் முதல் தடவை.

தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டு, "பாதித் தண்ணியைத் திறந்து விடுங்கோ. நல்ல தண்ணி விடுங்கோ. கிழங்கு போட்டுச் சரிவராது" என்றாள்.

கிழங்கு விஷயம் இவளுக்கு எப்படித் தெரியும்?

ஞாயிறு 11

இறைப்பு. குழாய் விட்டு நிரப்பல். முதுகு போச்சு.

புதன் 14

பச்சை லைட். நேற்றுப் பின்னேரத்திலிருந்து. தண்ணீர் தெளிந்து அடியில் இரண்டு கிழங்கும் தெரிகின்றன. பூ.விடம் சொன்னேன். "ஓம்" என்றாள். 

வியாழன் 15

வெயில். கதிரையோடு தூக்கி ஓட்டோவில் ஏற்ற, வந்தாள். ஹவுஸ்கோட்டோடு படியில் அரை மணி நேரம் இருந்தாள். பிறகு இறங்கினாள்.

"கையை விடாதேங்கோ."

"விடமாட்டன்."

விட்டேன். அவள் குளத்தை எண்பது தரம் குறுக்கே நடந்தாள். மதிலுக்கு மேலால் ஒரு பட்டாளமே எட்டிப் பார்த்துக் கைதட்டியது. மறுகரையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் வழிந்ததை நக்கிப் பார்த்து, "உப்பு அளவு, அண்ணை" என்றாள். அது குளத்துத் தண்ணீர்தானா என்று கேட்கவில்லை.

மாலைதீவு, பட்டாளம், எண்பது தரம் எல்லாவற்றையும் வெட்டிவிடலாம். நாலு அடி. நான் கையை விட்ட பிறகு, தனிய. அது மட்டும் உண்மை.