உயிரி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்

மார்ச் 4, செவ்வாய்

பன்னிரண்டாம் வகுப்புக்கு வைரஸ் பாடம். "உயிருள்ளவற்றுக்கும் உயிரற்றவற்றுக்கும் இடைப்பட்டவை" என்று போர்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். ஒருத்தி மட்டும், "ஏதாவது ஒரு பக்கம் சொல்லுங்க மிஸ், ஒரு மார்க் கேள்வியில வந்தா என்ன போடறது?" என்றாள். புத்தகத்தில் இருப்பதைப் போடச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

மாலையில் ஆஸ்பத்திரி. தம்பியின் இடது காலில் சீழ் நிற்கவில்லை. லிஃப்ட் ரிப்பேருக்குப் போனவன் குழிக்குள் விழுந்தான். உடைந்த எலும்புக்கு வைத்த கம்பியில் கிருமி ஏறிவிட்டது, எந்த மருந்துக்கும் மசிய மாட்டேன் என்கிறது. எலும்பு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்தக் கிருமியை மட்டும் தேடிப் போய் அழிக்கும் வைரஸ் ஒன்று இருக்கிறதாம். தம்பியின் சீழோடு பொருத்திப் பார்த்து, ஒரு ஆய்வகத்தில் குப்பியில் அடைத்துத் தயாராகவே வைத்திருக்கிறார்கள். மருந்துத் துறை அனுமதி வந்தால் போதும்.

"வரலேன்னா?"

"முட்டிக்கு மேல எடுக்கணும். மாசக் கடைசி வரைக்கும் தள்ளிப் பார்க்கலாம்."

மார்ச் 6

சம்மதத் தாளில் தம்பி கையெழுத்துப் போட்டுவிட்டான். அம்மா வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். வைரஸைத் தமிழாக்கி "நச்சுயிரி சிகிச்சை" என்று போட்டிருந்தது.

"நச்சா? எம் பிள்ளை உடம்புக்குள்ளயா?"

"பேருதாம்மா அப்படி. அது கிருமியைத் தின்கிற கிருமி."

"தின்னு முடிச்சிட்டு?"

"கிருமி தீர்ந்துட்டா அதுவும் இருக்காது."

"செத்துடுமா?"

உயிர் இருந்தால்தானே சாவதற்கு? இத்தனை வருடம் இதைச் சொல்லிக்கொடுத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். "செத்துடும்மா" என்றேன். அம்மா தாளை மடித்துக் கொடுத்துவிட்டாள்.

மார்ச் 11, செவ்வாய்

விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது! ஏன் என்று கேட்க மருந்துத் துறைக்கு நேரில் போனேன். பேனா மூடியைக் கடித்துக்கொண்டே பேசுகிற ஒரு அதிகாரி. 'நச்சுயிரி' என்ற சொல்லில் பின்பாதிக்கு மட்டும் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்.

"உயிரின்னு நீங்களே எழுதியிருக்கீங்களே மேடம். இது மருந்துப் பிரிவு. உயிருள்ளதுக்கெல்லாம் மேல் மாடியில பாதுகாப்புக் குழு இருக்கு."

"அது பேருங்க. கடல்குதிரைன்னா அது குதிரையா?"

"நீங்க டீச்சரா?"

"ஆமா."

"அதான்."

அதான்! எது அதான்? வீடு வரும்வரை பஸ்ஸில் அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

மார்ச் 13

மேல் மாடி. குழுவில் இருந்த அம்மையார் பொறுமையானவர், அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. "செல் இல்ல. தானா வளராது, தானா பெருகாது. இதை உயிரினம்னு நாங்க எப்படி எடுத்துக்கறது?" என்றார். அட, என் பாடத்தை எனக்கே நடத்துகிறார்.

"ரொம்பச் சரி. அப்போ உயிரில்லைன்னு எழுதிக் கொடுங்க, கீழே காட்டறேன்."

"எங்க வரம்புக்குள்ள வராத ஒண்ணைப் பத்தி நாங்க எப்படி எழுத முடியும்?"

கீழே இருப்பவனுக்கு அது உயிர். மேலே இருப்பவர்களுக்கு அது உயிர் இல்லை. நடுவில் பதினெட்டுப் படி, அதில் நான்.

மார்ச் 15

காய்ச்சல் நூற்று மூன்று.

மார்ச் 18

சொல்தானே தகராறு, மாற்றிவிடுவோம் என்றார் டாக்டர். 'தீநுண்மி' என்று இன்னொரு சொல் உண்டு. அதில் உயிர் கிடையாது. நானே உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக மாற்றி எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பேனாமூடி நிதானமாகப் படித்தான்.

"தீ-ன்னு இருக்கே மேடம். தீங்கு பண்ற ஒண்ணையா உங்க தம்பிக்கு ஏத்தச் சொல்றீங்க?"

கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று எழுதக் கை கூசுகிறது. வாட்ச்மேன் வந்து, "வாங்கம்மா, தண்ணி குடிங்க" என்று வெளியே கூட்டிப்போனார்.

குப்பியில் கிடக்கும்வரை அது வெறும் உப்புத்தூள் மாதிரி. கிருமிக்குள் போய்விட்டால் ஒன்று நூறாகிறது. அப்படியென்றால் உயிர் அதற்குள் இருக்கிறதா, அது போய்ச் சேருகிற இடத்தில் இருக்கிறதா? நல்ல கேள்விதான். இரண்டு காலும் உள்ளவர்கள் உட்கார்ந்து ஆற அமர யோசிக்கட்டும்.

மார்ச் 21

'வைரஸ்' என்றே எழுதிக் கொடுத்தாயிற்று. இரண்டு பிரிவும் சேர்ந்து கூடிப் பேசுவார்களாம். எப்போது? ஏப்ரல் முதல் வாரம். ஏன்? பேனாமூடி லீவில் போகிறான்.

மார்ச் 24, திங்கள்

கிருமி ரத்தத்தில் ஏற ஆரம்பித்துவிட்டது என்கிறார் டாக்டர். அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னும் ஒரு தடவை போய்க் கேட்கிறேன், காலில் விழுகிறேன் என்று தம்பியிடம் சொன்னேன்.

"வேணாங்க்கா. அதுக்கு உயிர் இருக்கா இல்லையான்னு அவங்க பேசி முடிக்கட்டும். எனக்கு இருக்கணும் இல்ல? டாக்டரை எடுக்கச் சொல்லு."

இருபத்தொன்பது வயது. ஏணியில் ஏறி இறங்கிப் பிழைக்கிறவன். இவன் வாயால் இதைச் சொல்ல வைத்துவிட்டார்களே, பாவிகள். நல்லா இருப்பாங்களா இவங்க?

மார்ச் 26

எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 29

காய்ச்சல் இறங்கிவிட்டது. அரை டம்ளர் கஞ்சி குடித்தான். நான் சந்தோஷப்பட வேண்டும். பட முடியவில்லை, போ.

ஏப்ரல் 8, செவ்வாய்

அனுமதி வந்துவிட்டது. முத்திரை, இரண்டு கையெழுத்து, எல்லாம் சுத்தமாக இருக்கிறது. "மேற்படி வைரஸ் உயிருள்ளதா இல்லையா என்பது குறித்துக் கருத்து எதுவும் கூறாமல், இந்நோயாளியின் இடது காலுக்கு மட்டும் மருந்தாகப் பயன்படுத்த அனுமதிக்கப்படுகிறது."

கருத்து எதுவும் கூறாமல். இதை முதல் நாளே செய்திருக்கலாம். மார்ச் பதினொன்றாம் தேதியே இந்த ஒரு வரியை எழுதியிருக்கலாம்.

கிழித்துப் போடத்தான் நினைத்தேன். தம்பி கை நீட்டினான், கொடுத்துவிட்டேன். இரண்டு தடவை படித்தான். பிறகு பத்திரமாக என்னிடமே திருப்பிக் கொடுத்தான்.

"கால் எங்க போயிருக்குன்னு டாக்டர்கிட்ட அட்ரஸ் கேளுக்கா. அங்கயே அனுப்பிடலாம்."

நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். அம்மா எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள்.