தலை திரும்பாத பேத்தி

அன்புள்ள அத்தைக்கு, புனேயிலிருந்து மருமகள் அறிவுச்செல்வி வணங்கி எழுதுவது. மல்லசமுத்திரத்தில் மாமா சௌக்கியமா? உங்கள் முழங்கால் வலி தேவலையா?

போனில் சொல்ல வாய் வரவில்லை. பேத்தி பிறந்தது ஆபரேஷனில். கடைசிவரை அவள் தலை கீழே திரும்பவில்லை. டாக்டர் வயிற்றின்மேல் கைவைத்துத் திருப்பிப் பார்த்தும் பயனில்லை. சுகப்பிரசவத்துக்கும் முயலலாம், பிள்ளைக்குத்தான் ஆபத்து சற்று அதிகம், முடிவு என்னுடையது என்றார். "வளவனும் கால் முன்னால வந்துதான் பொறந்தான், பயப்படாத சாமி" என்று உங்கள் மகன் பிறந்த கதையைச் சொல்லி நீங்கள் தைரியம் தந்திருந்தீர்கள். ஆனாலும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவர், "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். இன்னும் சொல்லவில்லை!

இருவரும் நலம். பேத்தி வயிற்றில் இருந்தது போலவே கால்களை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டே தூங்குகிறாள். பார்க்கச் சிரிப்பாக இருக்கிறது. வரும்போது பழைய பருத்திச் சேலைகள் கொண்டு வாருங்கள். என்னால் இன்னும் குனிய முடியவில்லை. நீங்கள்தான் அவளைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும்.

இதோ, அழுகிறாள். கோபமிருந்தால் நேரில் வந்து திட்டுங்கள் அத்தை, சீக்கிரம் வாருங்கள்.

அறிவுச்செல்வி