டோக்கியோ கணக்கு

அக்டோபர் 1964, திங்கள் இரவு

இன்று ஏழாம் வகுப்பில் டோக்கியோ ஒலிம்பிக்கை வைத்துக் கணக்கு நடத்தினேன். நூறு மீட்டரைப் பத்து வினாடியில் ஓடுகிறவன், அதே வேகத்தில் தாராவியிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மாதுங்காவுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? வகுப்பே குனிந்து கணக்குப் போட்டது. வாயே திறக்காத மெஹருன்னிசா எழுந்து, "டீச்சர், குண்டு போட்டு அழிச்சாவன்னு சொன்னியளே, அந்த ஜப்பான்லயா இப்ப ஓடுதாவ?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் தலைமையாசிரியர் உள்ளே வந்து கரும்பலகையைத் துடைத்துவிட்டார். "பொம்பளப் பிள்ளைங்களுக்கு ஓட்டப்பந்தயம் எதுக்கும்மா? புஸ்தகத்துல இருக்கறதை நடத்துங்க." அவளையும் உட்காரச் சொன்னார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "உட்காராதே" என்றேன். அவர் நிற்கும்போதே ஜப்பானைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, மணி அடிக்கும்வரை நிறுத்தவில்லை.

நாளை கூப்பிட்டுக் கேட்பார். கேட்கட்டும். டோக்கியோவில் பெண்களும் ஓடுகிறார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்ல விட்டுப்போயிற்று. அதை முதலில் அவரிடமே சொல்கிறேன்.