தலை திருப்பிய கேமரா

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், நீயும் அங்கே சளி காய்ச்சல் என்று படுக்காமல் நன்றாக இருக்க வேண்டும். அப்பா இப்போது கைத்தடியோடு வாசல்வரை போய் வருகிறார். அவர் மறுபடி விழுந்தால் உனக்குத் தெரிய வேண்டுமென்று கூடத்தில் மாட்டிவிட்டு, அங்கிருந்தே போனில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன் என்று சொல்லிப் போனாயே, அந்தக் கேமராவைப் பற்றித்தான் இந்தக் கடிதம், போனில் சொன்னால் குறுக்கே குறுக்கே பேசுவாய்.

என் தையல் மெஷினும் கூடத்தில்தான், தைக்கக் கொடுக்கிற பெண்கள் கதவைச் சாத்திவிட்டுத் தைத்ததை அங்கேயே போட்டுப் பார்ப்பார்கள். சாயங்காலம் அவங்கெல்லாம் போன பிறகுதாம்மா பாப்பேன் என்று நீ சொன்னதால் நானும் நிம்மதியாக இருந்தேன். போன வாரம் பட்டப்பகலில், என்னிடம் தைக்கக் கொடுத்திருந்த நர்ஸம்மா போட்டுப் பார்க்கச் சட்டை மாற்றும்போது கிர்ரென்று அவள் பக்கம் தலையைத் திருப்பியது அது! அக்கா, உங்க பையன் பாக்குறானா என்று துணியை வாரிச் சுருட்டிக்கொண்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன்னைக் கேட்டால், வேலை மும்முரத்துல ஒரு மாசமா அதைத் திறக்கவே இல்லைம்மா என்கிறாய். அப்படியானால் திருப்பியது யார்? எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆள் நடந்தால் தானாகவே திரும்புமோ என்று அப்பாவைக் குறுக்கும் நெடுக்கும் நடக்கவிட்டுப் பார்த்தேன், அசையவே இல்லை. ஏன், என்னைப் பாத்தா ஆளாத் தெரியலையா என்று அவருக்குக் கோபம் வேறு. பிறகு யாருக்கோ அளவெடுக்கப் போவதுபோல நானே டேப்போடு போய் நின்றேன், கிர்ர்! ஸ்டூலில் ஏறி ஒயரைப் பிடுங்கிவிட்டேன். கேமரா கடைக்காரர் வந்து பார்த்து, பெட்டியோட வந்த பாஸ்வேர்டை மாத்தவே இல்லையேம்மா, அது தெரிஞ்சவன் எங்கேருந்தும் பாக்கலாம், பேசறதையும் கேக்கலாம் என்றார். பூட்டை வாங்கி மாட்டிவிட்டுச் சாவியை அதிலேயே தொங்கவிட்டுப் போயிருக்கிறாய், படித்த பிள்ளை!

வந்துபோன பெண்களிடம் நானே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். என் படம் எங்கேயாவது போயிருக்குமா அக்கா என்று நர்ஸம்மா அழுதாள். எவன் பார்த்தான், எதைப் பிடித்து வைத்திருக்கிறான், போலீஸில் என்னவென்று எழுதிக் கொடுப்பது, எல்லாம் நீ விசாரித்துச் சொல். அவளுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். இனி மாட்டினால் அப்பா கட்டில் பக்கம் மட்டும்தான், அதற்கும் ஒரு குல்லா தைத்துவிட்டேன், வேண்டும்போது நான்தான் கழற்றுவேன்.

இன்னொன்று. சாயங்காலத்திலும் அது என் பக்கம் திரும்பும், நீதான் என்று நினைத்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசுவேன். பதில் வராது, பிள்ளை களைத்துப்போயிருக்கிறான் என்று விட்டுவிடுவேன்.

தீர்க்காயுசாக, குறையில்லாமல் இரு. முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்று, வாரம் ஒரு தடவையாவது நீயே கூப்பிடு.

இப்படிக்கு,
எவனோ ஒருவனை ஒரு மாதமாகச் சாப்பிட்டியா கண்ணா என்று கேட்டுக்கொண்டிருந்த
உன் அம்மா