‘யார் வருவா’ என்னும் என் நாயை ஒப்படைக்கச் சொல்லும் ஆணை குறித்து

அனுப்புநர்:
லிடியா அகோல்போகா,
காலஞ்சென்ற அதம்புக்ரியின் மகள்,
ஓடைக்கு அப்பால் கடைசி வீடு,
அசோர்பீசி.

பெறுநர்:
திரு. அம்புரோஸ் பாயோர் அவர்கள்,
மாவட்டக் கால்நடை அலுவலர்,
தனாசியா.

பொருள்: கினிக்கோழிக் குஞ்சுகளைக் கொன்றதாகச் சொல்லி, என் நாயை வரும் சந்தை நாளில் ஒப்படைக்குமாறு இடப்பட்ட ஆணையை விசாரணை முடியும்வரை நிறுத்திவைக்க வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் வேலைகளுக்கு நடுவே ஒரு நாயைப் பற்றிய மனுவைப் படிக்க வைப்பதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் போன வாரம் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். ஊசி போட்டுக்கொள்ள வந்த ஆடுகளுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தங்கள் உதவியாளர் வெளியே வந்து, “யாரைம்மா பார்க்கணும்?” என்று கேட்டார். “யாரையும் இல்ல, வெயிலுக்கு ஒதுங்கினேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வரை போனவள் நான் ஒருத்திதான். வாயால் வராதது எழுத்தில் வருமா என்று பார்க்கிறேன்.

1. என் தந்தை சென்ற புழுதிக்காற்றுக் காலத்தில் இறந்தார். தாய் அதற்கு முன்பே இல்லை. குமாசியில் வேலை செய்யும் என் அண்ணன்கள் ஈமச்சடங்குக்கு வந்தார்கள், முடிந்ததும் பேருந்து ஏறினார்கள். தமாலேயில் பட்டம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த நான், பறவைகளைத் திறந்துவிடவும் அடைக்கவும் ஓர் ஆள் வேண்டுமே என்று தங்கினேன். கொஞ்சம் கம்பு, கொஞ்சம் நிலக்கடலை, ஒரு கினிக்கோழிக் கூட்டம், ஒரு நாய். எனக்கு விட்டுச் சென்றது இவ்வளவே. இதில் எனக்குக் குறை எதுவும் இல்லை.

2. கினிக்கோழி தாய்மைக்குப் பெயர் போனதல்ல என்பது தாங்கள் அறிந்தது. புதருக்குள் முட்டையிட்டு, பொரித்த குஞ்சுகளை மழை நனைத்த புல்லுக்குள் இழுத்துக்கொண்டு நடக்கும். பின்னால் விறைத்து விழுகிறவற்றைத் திரும்பிப் பார்க்காது. அதனால்தான் முட்டைகளைக் கை படாமல் கரண்டியால் எடுத்து வந்து நாட்டுக்கோழியின் அடியில் வைக்கிறோம். என் தந்தை இதோடு இன்னொன்றும் செய்வார். நாய்க்குட்டி கண் திறந்ததும் அதை அடைகாக்கும் கோழியின் கூடைக்கு அருகில் படுக்க வைப்பார். கோழி அதன் மூக்கைக் கொத்திக் கொத்தி மரியாதை கற்றுக்கொடுக்கும். குஞ்சுகள் பொரிந்ததும் குட்டியின் வயிற்றுச் சூட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். “நாய்க்கு அது தீனி இல்ல, தம்பி தங்கச்சி” என்பார். அப்படி வளர்ந்த நாய் இது. பருந்து நிழல் விழுந்தால் முதலில் எழுவது இதுதான். மாலையில் வயலில் மேயும் கூட்டத்தை வளைத்து வீட்டு மரத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் இதுதான்.

3. இந்த ஆண்டின் முதல் பெருமழை அன்று நடந்தது: எதிர் வீட்டு அயம்கா அவர்கள் என் தந்தையின் நெருங்கிய தோழர், நான் சித்தப்பா என்று அழைப்பவர். அவரிடம் இந்த முறை அடைகாக்க நாட்டுக்கோழி போதவில்லை. குஞ்சுகளைக் கினிக்கோழியோடே விட்டிருந்தார். மழை பிடித்ததும் அவை ஓடைக்கரைப் புல்லில் சிதறின. என் நாய் ஒரு குஞ்சை வாயில் கவ்விக்கொண்டு ஓடுவதை அவர் மனைவி அசிபி சித்தி பார்த்துக் கூச்சலிட்டார். அவர் பார்த்தது உண்மை. ஆனால் நாய் எங்கே ஓடியது என்பதை அவர் பார்க்கவில்லை. அது என் அடுப்படிக்கு ஓடி வந்து, சாம்பல் மேட்டின் ஓரம் குஞ்சை வைத்துவிட்டு மறுபடி மழைக்குள் போனது. இப்படியே பல முறை. நனைந்த குஞ்சு எதுவானாலும் தன் வீட்டுக் குஞ்சு என்று அது நினைத்துவிட்டது. அவற்றில் ஒன்று மட்டும் வந்து சேரும்போதே இறந்திருந்தது. அதன் உடம்பில் பல் தடம் இல்லை. குளிரில் இறந்திருக்கலாம், வாயில் இறந்திருக்கலாம். எனக்குத் தெரியாததை நான் தெரியும் என்று எழுத மாட்டேன்.

4. ஈரம் உலர்ந்ததும் கால்களைப் பார்த்தேன். இடக்கால் விரல் நுனி கிள்ளப்பட்டிருந்தது. அது சித்தப்பா வீட்டு அடையாளம். மறுநாள் காலையிலேயே எல்லாவற்றையும் கூடையில் எடுத்துக்கொண்டு போனேன். சித்தப்பா கூடையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “நாய் எச்சில் பட்ட குஞ்சு எனக்கெதுக்கு? பட்டம் வாங்கின பொண்ணு, பத்திரமா நீயே வளத்துக்க. எனக்கு அந்த நாயைக் கொண்டா” என்றார். அன்றிலிருந்து அடிகுழாயில் நான் குடம் வைத்தால் பேச்சு நின்றுவிடுகிறது. காலை வணக்கத்துக்குப் பதில் வருவதில்லை. நம் பக்கத்தில் பதில் வணக்கம் இல்லாத காலை எவ்வளவு நீளமானது என்பதை நான் எழுதத் தேவையில்லை.

5. பகை குஞ்சுகளால் வந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மைக் காரணத்தை, ஒரு நாள் அடிகுழாயில் பொறுக்க மாட்டாமல் வாய் திறந்து, சித்திதான் சொன்னார். நேராகச் சொல்ல முடியாததை நாய்க்குப் பெயராக வைத்துக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். கேட்க வேண்டியவர் காதில் விழுந்தால் போதும். அண்ணன்கள் வருவதைக் குறைத்துக்கொண்டபோது என் தந்தை இந்த நாய்க்கு ‘யார் வருவா’ என்று பெயர் வைத்தார். அப்போது அதைக் கேட்டு முதலில் சிரித்தவர் அயம்கா சித்தப்பா. பிறகு தந்தை இறந்த நேரத்தில் அவர் தெற்கே கூலி வேலைக்குப் போயிருந்தார். செய்தி போய்ச் சேரவில்லை. அவர் வந்தபோது மண் மூடி ஆறியிருந்தது. நானோ பறவைகளை அடைக்க ஒவ்வொரு மாலையும் அவர் வீட்டுத் திசையிலுள்ள வயலைப் பார்த்து, “யார் வருவா! யார் வருவா!” என்று உரக்கக் கூவிக்கொண்டிருந்தேன். “உங்கப்பன் கூப்பிட்டப்போ அது உன் அண்ணனுங்களுக்கு. இப்ப நீ தினம் கூவுறியே, அது யாருக்குன்னு எங்களுக்குத் தெரியாதா? அந்த மனுஷன் அந்த நேரம் சோத்துல கை வைக்கிறதில்ல” என்றார் சித்தி. ஐயா, நான் நாயைத்தான் கூப்பிட்டேன். வேறு பெயர் வைத்தும் பார்த்தேன், நாய் திரும்பவில்லை. இப்போது கூவுவதை நிறுத்திவிட்டேன். வயல் வரை நடந்து போய் அதன் காதருகில் சொல்கிறேன்.

6. சித்தப்பா கொடுத்த புகாரின் பேரில் தாங்கள் இட்ட ஆணையைக் கொண்டுவந்தவர் ஊர்க்குழுச் செயலாளர். என் முற்றத்து ஓர வேப்பமரத்துக்கு அப்பாலேயே நின்றுவிட்டார். கினிக்கோழிகள் அந்நியரைக் கண்டால் கத்துவது போல் கத்தின. நான் கம்பு மாவு கரைத்த தண்ணீரைச் சுரைக்குடுக்கையில் கொண்டு வருவதற்குள், “சந்தை நாளைக்கு நாயைக் கட்டிக் கொண்டாந்துடு, அலுவலர் உத்தரவு” என்று கத்திவிட்டுச் சைக்கிளை மிதித்தார். வந்தவர் தண்ணீர் குடித்த பிறகே செய்தி சொல்ல வேண்டும் என்பது முறை. குடிக்காமல் சொன்னது செய்தி ஆகாது என்று என் தந்தை சொல்வார். அரசு ஆணைக்கு இந்த விதி பொருந்துமா என்பது எனக்குத் தெரியவில்லை. பணிவோடு கேட்டுவைக்கிறேன்.

7. இன்னொன்று. தங்கள் பெயரைப் பார்த்து, தாங்கள் தகாபா இனத்தார் என்று எண்ணுகிறேன். நான் ஃப்ராஃப்ரா. நாய்க்கறி உண்ணும் நம் இரு இனத்தாரும் சந்தித்தால், சமைத்த நாயின் தலை யார் பங்குக்கு என்று கேலி பேசாமல் நகர்வதில்லை. சந்தையில் ஏற்கெனவே பேசிக்கொள்கிறார்கள்: “ஆணை போட்டது தகாபாக்காரன்ல, சட்டியை அடுப்புல வச்சிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருப்பான்.” இதைத் தங்களிடம் நேரில் சொல்லிச் சிரிக்கும் உரிமை எனக்கு உண்டு. தைரியம்தான் இல்லை. அந்தக் கேலி உறவில் ஒருவர் கேட்பதை மற்றவர் எளிதில் மறுப்பதில்லை என்பதால் மட்டுமே இதை இங்கே எழுதுகிறேன்.

ஆகவே நான் கேட்பது:

விசாரிக்காமல் நாயைக் கொல்ல வேண்டாம். வெறிநாய்த் தடுப்பூசி வண்டி ஓடையைத் தாண்டி எங்கள் பக்கம் வருவதில்லை. என் நாய்க்கும், அயம்கா அவர்கள் வீட்டு நாய்க்கும் சேர்த்தே ஊசி போட ஏற்பாடு செய்ய வேண்டும். அவருடைய குஞ்சுகள் என் முற்றத்தில் இறகு மாறும் பருவத்துக்கு வந்துவிட்டன. அவற்றை அலுவலகத்தின் வழியாகவாவது அவர் ஏற்றுக்கொள்ளச் சொல்ல வேண்டும். நாயின் பெயர் அவரைக் குறித்தது அல்ல என்பதையும் எடுத்துச் சொல்ல வேண்டும். என் சொல்லை நம்பாதவர், தங்கள் சொல்லையாவது நம்பக்கூடும்.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். தொடக்கத்திலிருந்து எழுதாமல் தள்ளிவைத்த வேண்டுகோள் ஒன்று உண்டு. செயலாளர் வந்து போன பிறகு என் கினிக்கோழிகள் கத்தவே இல்லை. கத்துவதற்கு யாரும் வரவில்லை. விசாரணைக்குத் தாங்கள் வந்தாலும், வேறு யாரை அனுப்பினாலும், நாயைப் பிடித்துப் போகவே வந்தாலும் சரி, வேப்பமரத்துக்கு அப்பால் நின்றுவிட வேண்டாம். பறவைகள் போடும் கூச்சலுக்குப் பயப்படாமல் உள்ளே வந்து உட்காரவும். மாவு அரைத்து வைத்திருக்கிறேன். தண்ணீரைக் குடித்துவிட்டு, பிறகு எதுவானாலும் சொல்லவும்.

பணிவுடன்,
(ஒப்பம்) லிடியா அகோல்போகா

இடம்: அசோர்பீசி
நாள்: 18 ஜூலை 2019