மூன்று மணிக் குளிசை

அப்பா, வாசிக்கத் தெரியாத உங்களுக்குக் கடிதம் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் முன்னால் வாய் திறந்து பேச எனக்கு எப்போதும் வந்ததில்லை. இன்று அலுமாரியைத் துடைத்தபோது உங்கள் செபமாலைப் பெட்டி கிடைத்தது. அடியில் ஒரு வெள்ளைக் குளிசை, நீங்கள் விழுங்காத மாத்திரை, ஒட்டிக்கொண்டிருந்தது.

அது தவக்காலம். காய்ச்சலுக்குப் பிறகு நெஞ்சில் நீர் கட்டி, விலாவில் குழாயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். கட்டிலடிப் போத்தலில் நீர் வடிவதற்குத் தினமும் காலை ஒன்பது மணிக்கு ஆழமாக மூச்செடுத்து இரும வேண்டும். இருமினால் நோகும் என்றுதான் எட்டு மணிக்கே நோவடக்கும் குளிசை தந்தார்கள். ஆனாலும் நீங்கள் இருமவில்லை. இன்னும் நாலு நாளில் வடியாவிட்டால் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி நெஞ்சைத் திறக்க வேண்டும் என்றார் டொக்டர்.

நான் எங்கள் ஊர் வங்காலையிலிருந்து பஸ்ஸில் வந்து போத்தலையே பார்த்துக்கொண்டிருப்பேன். பின்னேரங்களில் மட்டும் கொஞ்சம் ஏறியது. காரணத்தை ஒருநாள் கண்டேன். சரியாக மூன்று மணிக்குச் சிலுவை அடையாளம் போட்டு, செபமாலைப் பெட்டியிலிருந்து காலைக் குளிசையை எடுத்து விழுங்கினீர்கள்.

"ஆண்டவர் உயிர்விட்ட நேரம் வரைக்கும் நோவைத் தாங்கிறன். தவக்கால ஒறுத்தல். ஒருத்தரிட்டையும் சொல்லாதை, பிள்ளை."

பயந்து பயந்து தாதியிடம் சொன்னேன். மறுநாள் எட்டு மணிக்கு அவர் தண்ணீரோடு வந்து நின்றார்.

"வாயைத் திறவுங்கோ ஐயா. நாக்குக்குக் கீழயும் பாக்கவேணும்."

"பெரிய வெள்ளி வரைக்கும் பொறுங்கோ மிஸி."

"பெரிய வெள்ளிக்குக் கோயிலுக்குப் போகப்போறீங்களோ, இந்தப் போத்தலோட கிடக்கப்போறீங்களோ?"

விழுங்கினீர்கள். ஒன்பது மணிக்கு இருமினீர்கள். "காட்டிக் குடுத்திட்டியே" என்றீர்கள் என்னைப் பார்த்து. பிறகு இரண்டு நாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டே இருமினீர்கள். போத்தல் நிறைந்தது. பெரிய வெள்ளிக்கு முன்பே குழாயைக் கழற்றினார்கள்.

மாரியில் கந்தோர் வேலைக்கான என் நியமனக் கடிதம் வந்தது. அதைத் தடவிப் பார்த்து, "ஆண்டவர் கேட்டிட்டார்" என்றீர்கள். எனக்கு விளங்கவில்லை. தையில் மாரடைப்பில் நீங்கள் போன பிறகுதான் அம்மா சொன்னார், அந்த ஒறுத்தல் எனக்கு வேலை கிடைக்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டதாம்.

அம்மாவின் முழங்கால் குளிசையைப் பூசைக்கு முக்கால் மணி முன்பே கொடுத்துவிடுகிறேன். நோகாமல் முழந்தாளிடுகிறார். ஆனால் கந்தோரில் யாராவது என் வேலையைப் பாராட்டினால், உங்கள் விலாதான் கண்ணுக்குள் வருகிறது.

கேட்கக் கூடாது என்றுதான் இவ்வளவும் சுற்றிச் சுற்றி எழுதினேன். நான் நான்கு வருடம் படித்தேன், அப்பா. அந்தக் கடிதம் அதற்காகவும்தான் வந்தது என்று ஒருமுறை சொல்லுங்கள்.